கொல்லிமலை: வல்வில் ஓரியின் நாடு

நாமக்கல் மாவட்டத்தின் வடகிழக்கில், சமவெளியிலிருந்து மதில்போல் எழுந்து நிற்பது கொல்லிமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மலையின் உயரம் பெரும்பாலும் 1,000 மீட்டர் முதல் 1,300 மீட்டர் வரை. கீழிருந்து பார்ப்பவருக்குச் செங்குத்தான சரிவும் அடர்ந்த காடும்தான் தெரியும். மேலே ஏறிய பிறகுதான் அங்கே ஒரு முழு நாடே இருப்பது தெரியவரும். குன்றுகளுக்கு இடையே நெல் வயல்கள், மேட்டு நிலங்களில் மிளகும் காப்பியும், ஓடைக் கரைகளில் சிற்றூர்கள், ஊரை ஒட்டிக் கோயில் காடுகள் என விரிந்து கிடக்கும் மேட்டுநிலம் அது.

தமிழகத்தின் மற்ற மலைவாழிடங்களில் பல, ஆங்கிலேயர் கோடைக்கு ஒதுங்குவதற்காக உருவாக்கிய ஊர்கள். கொல்லிமலையின் கதை வேறு. சங்கப் பாடல்களில் பெயர் பதிந்த காலம் தொட்டு இன்றுவரை உழுது விதைத்து வாழும் மக்களின் நிலமாகவே இது இருந்து வருகிறது. இங்குள்ள காட்சிகளை இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் மலை முழுமையாகப் புரிபடும்.

எழுபது வளைவுகள்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வரும் சாலை காரவள்ளியில் மலையடிவாரத்தைத் தொடுகிறது. அங்கிருந்து மேலே சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். இராசிபுரம் பக்கமிருந்து முள்ளுக்குறிச்சி வழியாகவும் மலைக்கு ஒரு சாலை உண்டு. ஆயினும் மலையின் காடு எப்படி அடுக்கடுக்காக மாறுகிறது என்பதைக் காண எழுபது வளைவுப் பாதையே ஏற்றது.

அடிவாரத்தில் முள்மரங்களும் புதர்களும் நிறைந்த வறண்ட காடு. கோடையில் அதன் பெரும்பகுதி இலையுதிர்த்துச் சாம்பல் நிறமாகிவிடும். நடுச்சரிவில் மூங்கிலும் உயரமான இலையுதிர் மரங்களும் வருகின்றன. மேலே நெருங்க நெருங்கக் காற்று குளிர்கிறது. பாறைகளில் பாசியும் மரக்கிளைகளில் பெரணியும் தென்படுகின்றன. உச்சியை ஒட்டிய பள்ளங்களில் ஆண்டு முழுவதும் பசுமை மாறாத சோலைகள் உள்ளன. சில மணி நேரப் பயணத்துக்குள் இத்தனை வகைக் காடுகளைக் கடப்பதற்குக் காரணம் உயரமும் மழையும்தான். தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மேகங்கள் இந்தச் சரிவில் மோதி மழை தருகின்றன. கீழே நாமக்கல் வட்டாரம் வானம் பார்த்துக் கிடக்கும் நாட்களிலும் மேலே தூறல் விழும்.

மலையைத் தாங்கி நிற்பது சார்னோக்கைட் என்னும் மிகப் பழமையான, கடினமான பாறை. அதன் மேற்பரப்பு நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் சிதைந்ததால், அலுமினியத்தின் தாதுவான பாக்சைட் மலையுச்சியில் சில இடங்களில் படிந்துள்ளது. அதை வெட்டியெடுக்கும் சுரங்கப் பணியும் இங்கே சில காலம் நடந்தது.

ஓரியும் காரியும்

கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்டது இந்த மலைநாடு. பெயரிலேயே வில் இருப்பதற்கு ஏற்றபடி அவனுடைய வில்லாற்றலைப் புறநானூற்றின் 152ஆம் பாடல் சொல்கிறது. பாடியவர் வன்பரணர். காட்டில் வேட்டுவன் ஒருவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பில் தைத்தது என்கிறது பாடல். வறுமையோடு வந்த பாணர் கூட்டத்துக்கு அந்த வேட்டுவன் ஊன் சமைத்துக் கொடுத்து, தேன் தந்து, பொன்னும் மணியும் வழங்குகிறான். அவன் ஓரி என்பது பாடலில் மெல்ல மெல்லத் தெளிவாகிறது. வில்வித்தையும் கொடையும் ஒரே மனிதனிடம் சேர்ந்திருந்ததைப் புலவர் இப்படிக் காட்டுகிறார். சிறுபாணாற்றுப்படை வள்ளல்கள் எழுவரை வரிசைப்படுத்தும்போது ஓரியையும் அவன் குதிரையையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. குதிரைக்கும் ஓரி என்றே பெயர்.

இந்த வள்ளலின் முடிவு போர்க்களத்தில் நேர்ந்தது. திருக்கோவலூர்ப் பகுதியை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேர மன்னருக்குக் கொடுத்தான் என்று கல்லாடனார் பாடிய அகநானூற்றுப் பாடல் தெரிவிக்கிறது. காரியும் கடையெழு வள்ளல்களில் ஒருவனே. இருவரையும் சிறுபாணாற்றுப்படை ஒரே பட்டியலில் வைத்துப் புகழ்கிறது. ஓரியைக் கொன்ற பின் காரி அவனுடைய ஊர்த் தெருவில் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணையில் உவமையாக எடுத்தாள்கிறார். அந்த நாளின் நினைவு புலவர்களிடையே எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு இதுவே சான்று.

சிறிய மலைநாடு ஒன்றுக்காகப் பெரிய அரசர்கள் ஏன் மோதினார்கள் என்ற கேள்வி எழலாம். கொல்லி காவிரிச் சமவெளியை நோக்கி நிற்கிறது. கொங்கு நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் இடைப்பட்டது. தேன், மிளகு, சந்தனம் போன்ற மலைபடு பொருள்கள் சங்க காலத்தில் பெருமதிப்பு உடையவை. சேரர் கைக்கு வந்த பிறகு கொல்லி அவர்களுடைய பெருமைகளில் ஒன்றாகப் பாடப்பட்டது. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துக்குரிய பெருஞ்சேரல் இரும்பொறை, கொல்லிக் கூற்றத்தில் அதியமானை வென்றதாக அதன் பதிகம் கூறுகிறது.

ஓரியின் நினைவு ஏட்டோடு நிற்கவில்லை. மலையின் தலைமையிடமான செம்மேட்டில் குதிரைமீது அமர்ந்த ஓரியின் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதம் 17, 18 ஆகிய நாட்களையொட்டி அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. வில்வித்தைப் போட்டி அதன் முக்கிய நிகழ்ச்சி.

கொல்லிப்பாவை

ஓரிக்கு இணையாகச் சங்கப் பாடல்களில் கொல்லியின் பெயரைத் தாங்கி நிற்பது கொல்லிப்பாவை. மலையின் மேற்குப் பக்கத்தில் தெய்வம் ஒன்று படைத்த பெண்ணுருவம் அது என்று பாடல்கள் சொல்கின்றன. அகநானூறு, குறுந்தொகை, நற்றிணை ஆகிய மூன்றிலும் இப்பாவை வருகிறது. காதலியின் அழகைச் சொல்லும்போது புலவர்கள் எடுத்துக்கொள்ளும் உவமை இது. பெருங்காற்று வீசினாலும், மழை அறைந்தாலும், இடி விழுந்தாலும், நிலமே நடுங்கினாலும் பாவையின் அழகு குலையாது என்கிறது நற்றிணைப் பாடல் ஒன்று.

பின்னாளில் வழங்கும் கதை சற்று வேறானது. மலையில் தவம் செய்த முனிவர்களுக்கு அசுரர்கள் தொல்லை கொடுத்தார்கள். அவர்களை மயக்கி அழிக்க, சிரிக்கும் பாவை ஒன்று நிறுத்தப்பட்டது என்கிறது அது. மலைமக்கள் வழிபடும் எட்டுக்கை அம்மனே கொல்லிப்பாவை என்பது இன்றைய நம்பிக்கை. செம்மேட்டுப் பகுதிக்கு வருவோர் பலர் எட்டுக்கை அம்மன் கோயிலுக்கும் செல்கிறார்கள். உயர்ந்த சிகரம் ஒன்றில் மாசி பெரியண்ணசாமி கோயில் இருக்கிறது. சமவெளி மாவட்டங்களில் வாழும் பல குடும்பங்களுக்கு இவரே குலதெய்வம். அவர்கள் நேர்த்திக்கடன் செலுத்த மலையேறி வருகிறார்கள்.

அறப்பள்ளியும் ஆகாய கங்கையும்

வளப்பூர் நாட்டில் பெரிய கோவிலூர் என்னும் இடத்தில் அறப்பளீசுவரர் கோயில் உள்ளது. இறைவி பெயர் அறம்வளர்த்த நாயகி. கோயிலுக்குத் தனிப்பதிகம் இல்லாவிட்டாலும் தேவாரப் பாடல்களுக்குள் கொல்லி அறப்பள்ளி என்ற பெயர் வருவதால் இது தேவார வைப்புத்தலங்களில் ஒன்று. சோழர் காலக் கல்வெட்டுகளும் இங்கே உண்டு. மலைமேல் இருந்தாலும் இந்தக் கோயில் சமவெளி அரசுகளோடும் பக்தி இயக்கத்தோடும் தொடர்பில் இருந்தது என்பதை இவை உறுதிப்படுத்துகின்றன.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இறைவனின் பெயர் அறப்பளீசுர சதகத்தின் மூலம் அறிமுகமாகியிருக்கும். இராம நாடகக் கீர்த்தனை பாடிய அருணாசலக் கவிராயரின் மகன் அம்பலவாணக் கவிராயர் இயற்றிய நூல் அது. நல்லொழுக்கம், உலக நடைமுறை, மருத்துவம், சோதிடம் எனப் பலவற்றை எளிய பாடல்களில் தொகுத்துச் சொல்வதால் ஒரு காலத்தில் திண்ணைப் பள்ளிகளில் பரவலாகப் படிக்கப்பட்டது. அதில் இம்மலை சதுரகிரி என்ற பெயரால் குறிக்கப்படுகிறது.

கோயிலை ஒட்டி ஓடும் அய்யாற்றில் உள்ள மீன்களைப் பிடிப்பதில்லை. அறுத்துச் சமைக்க முற்பட்ட மீன்கள் மீண்டும் ஒன்றுகூடி உயிர்பெற்று ஆற்றில் குதித்தன என்பது தலக்கதை. பக்தர்கள் மீன்களுக்கு உணவிட்டுப் போகிறார்கள். ஆடிப்பெருக்கு நாளில் ஆற்றில் நீராடி இறைவனை வணங்கப் பெருங்கூட்டம் திரளும்.

கோயிலுக்கு அருகிலிருந்து தொடங்கும் படிக்கட்டு ஆகாய கங்கை அருவிக்கு இறங்குகிறது. படிகள் ஆயிரத்துக்கும் மேல். இருபுறமும் காடு. பாதி வழியிலேயே நீரின் இரைச்சல் கேட்கத் தொடங்கும். அய்யாறு உயரமான பாறை விளிம்பிலிருந்து நேராக விழும் இடம் அது. மழைக்காலத்தில் நீரின் விசை காரணமாக அருவியடியில் நிற்பதே கடினம். கோடை முற்றியதும் அருவி மெலிந்துவிடும். இறங்குவது எளிது, ஏறுவதுதான் கடினம் என்பதால் மூட்டுவலி, இதய நோய் உள்ளவர்கள் இந்தப் படிகளைத் தவிர்ப்பது நல்லது. அருவிக்கு அருகே கோரக்கர் குகை போன்ற, சித்தர்களின் பெயரால் வழங்கும் குகைகள் உள்ளன. அருவியைக் கடந்த அய்யாறு திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலை வழியாகச் சமவெளிக்கு வந்து காவிரிப் படுகையில் சேர்கிறது. மேலே சோலைகள் தேக்கிவைக்கும் மழைநீர்தான் கீழே துறையூர், முசிறி வட்டார நிலங்களுக்கு ஆற்றுநீராக வருகிறது.

நாடுகளும் மக்களும்

கொல்லிமலையின் ஊராட்சிகளின் பெயர்களைப் படித்தாலே பழைய நில அமைப்பு தெரியும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு, ஆலத்தூர் நாடு, தின்னனூர் நாடு, திருப்புளி நாடு எனப் பெரும்பாலானவை நாடு என்றே முடிகின்றன. ஒவ்வொரு நாடும் சில சிற்றூர்களின் தொகுப்பு. வழக்குகளைத் தீர்க்கவும் திருவிழாக்களை முடிவு செய்யவும் ஊர்த் தலைவரும் நாட்டுத் தலைவரும் கூடிப் பேசும் மரபு நெடுங்காலம் இருந்தது. இன்றைய நிர்வாகத்தில் கொல்லிமலை தனி வட்டமாகவும் தனி ஊராட்சி ஒன்றியமாகவும் உள்ளது. மக்கள்தொகை ஏறக்குறைய 40,000.

இவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். தமிழே இவர்களின் தாய்மொழி. கேரளத்தோடு இவர்களுக்குத் தொடர்பு இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர்கள் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் பிரிந்து குடியேறினார்கள் என்றும், தாங்கள் அவர்களின் வழிவந்தவர்கள் என்றும் இவர்களின் முன்னோர் கதை கூறுகிறது.

ஊரை ஒட்டிச் சிறு காடு ஒன்றைத் தெய்வத்துக்கு விட்டுவைப்பது இவர்களின் வழக்கம். அந்தக் காட்டில் மரம் வெட்டுவதில்லை. சில இடங்களில் செருப்புக் காலோடும் நுழைவதில்லை. சுற்றிலும் தோட்டமும் வயலுமாகிவிட்ட இடங்களில் பழைய காட்டின் மரவகைகள் பல இத்தகைய கோயில் காடுகளில்தான் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஓடைகளின் ஊற்றுக்கண்களையும் இந்தக் காடுகள் காக்கின்றன. சட்டம் வருவதற்கு முன்பே மக்கள் தாமாக ஏற்றுக்கொண்ட காட்டுப் பாதுகாப்பு இது. மலையில் காண வேண்டிய மிக உயர்ந்த காட்சிகளில் இதையும் சேர்க்க வேண்டும்.

காய்ச்சலும் ஒரு மருத்துவரின் பிறப்பும்

சேலத்துக்கு அருகிலுள்ள ஏற்காட்டில் 1820களிலேயே ஆட்சியர் காக்பர்ன் காப்பிச் செடியை அறிமுகம் செய்தார். தோட்டங்களும் பங்களாக்களும் அங்கே பெருகின. அதைப் போலவே உயரமும் குளிர்ச்சியும் கொண்ட கொல்லிமலைக்கு ஆங்கிலேயர் வரத் தயங்கியதற்கு முதன்மைக் காரணம் மலேரியா. மலையின் நச்சுக்காய்ச்சலுக்குச் சமவெளி மக்களும் அஞ்சினார்கள். செங்குத்தான ஒற்றையடிப் பாதைகளும் வரவு போக்கைக் கடினமாக்கின. அதனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவமோ பள்ளியோ மலைமக்களை எட்டவில்லை.

அந்த நிலையில் இங்கே வந்து தங்கியவர்கள் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்னும் ஆங்கிலேய மிஷனரித் தம்பதியர். வாழவந்தியில் வீடு கட்டிக்கொண்டு, ஊர் ஊராக நடந்து மருத்துவம் பார்த்தார்கள், பள்ளி நடத்தினார்கள். 1914ஆம் ஆண்டு இம்மலையில் அவர்களுக்கு மகன் பிறந்தான். அவர்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மருத்துவர் பால் பிராண்ட். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அவர் தந்தையை மறுபடி பார்க்கவில்லை. 1929இல் ஜெஸ்ஸி பிராண்ட் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலால் இறந்தார்.

1946இல் பால் பிராண்ட் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, வலியுணர்வு இல்லாததால் அறியாமல் ஏற்படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்பதைத் தம் ஆய்வுகளால் நிறுவினார். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் இயங்கச் செய்தார். அவருடைய தாய் எவலின், முதுமையில் ஓய்வுபெற்ற பிறகும் மலைகளுக்கே திரும்பி, ஊர் ஊராகப் போய்ப் பணி செய்தார். 1974இல், 95ஆம் வயதில் மறைந்த அவர் கணவரின் அருகே கொல்லிமலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தினைப்புனம் முதல் மிளகுத் தோட்டம் வரை

கொல்லிமலையின் பழைய பயிர்கள் சிறுதானியங்கள். தினை, சாமை, வரகு, பனிவரகு, கேழ்வரகு ஆகியவை மானாவாரி மேட்டு நிலங்களில் விளைந்தன; பள்ளத்தாக்குகளில் நெல் விளைந்தது. ஒவ்வொரு தானியத்திலும் பல நாட்டு வகைகள் இருந்தன. மழை தவறினாலும் ஏதேனும் ஒரு வகை கைகொடுக்கும் என்பதே அந்தப் பன்மையின் பயன்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகிய பிறகு மரவள்ளிக்கிழங்கு மலையேறியது. உடனே பணம் தரும் பயிர் என்பதால் தினையும் சாமையும் விளைந்த நிலங்களை அது பிடித்துக்கொண்டது. சிறுதானியத்தைக் குத்தி உமி நீக்கும் கடும் வேலை பெண்கள் தலையில் விழுந்ததும் அவை கைவிடப்பட ஒரு காரணம். 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே பணியாற்றி, நாட்டு விதைகளைச் சேகரித்தல், உமி நீக்கும் எந்திரங்களை ஊர்களுக்கே கொண்டுவருதல், மகளிர் குழுக்கள் மூலம் தானியத்தைப் பொதியிட்டு விற்றல் ஆகியவற்றுக்கு வழி செய்தது.

மேட்டுத் தோட்டங்களில் இன்று சில்வர் ஓக் மரங்களைப் பற்றிப் படரும் மிளகுக் கொடிகளையும், அவற்றின் நிழலில் வளரும் காப்பியையும் காணலாம். பலா, அன்னாசி, மலைவாழை ஆகியவையும் மிகுதி. சோளக்காட்டுச் சந்தையில் இவை அனைத்தும் விற்பனைக்கு வரும். ஆகாய கங்கைக்குப் போகும் வழியில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும். பாறைகளிலும் மரங்களிலும் ஒட்டி வளரும் பெரணி வகையின், உரோமம் மூடிய கிழங்கு அது. மூட்டுவலிக்கு நல்லது என்று நம்பி மக்கள் அருந்துகிறார்கள். தேவை கூடக் கூடக் காட்டிலிருந்து எடுக்கும் அளவும் கூடுவதால், இதைத் தோட்டத்தில் வளர்த்து விற்பதே நீடிக்கக்கூடிய வழி.

செல்வோர் அறிய வேண்டியவை

நாமக்கல்லிலிருந்து செம்மேடு சுமார் 55 கிலோமீட்டர். நாமக்கல், சேலம், இராசிபுரம் ஆகிய ஊர்களிலிருந்து பேருந்துகள் உண்டு. சொந்த வாகனத்தில் வருவோர் வளைவுகளில் ஏறும் வண்டிக்கு வழிவிட்டு, கீழ்க்கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பித் தொடர்ந்து மிதித்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். மாலைக்குப் பிறகும், மழையும் மூடுபனியும் சேர்ந்த நேரத்திலும் எழுபது வளைவுப் பாதையைத் தவிர்ப்பது நல்லது.

பார்க்கும் இடங்களை இரண்டு நாட்களுக்குப் பிரித்துக்கொள்ளலாம். முதல் நாள் அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கையும். படியேறி வர நேரம் பிடிக்கும் என்பதால் காலையிலேயே தொடங்க வேண்டும். மறுநாள் எட்டுக்கை அம்மன் கோயில், மாசிலா அருவி, நம் அருவி, வாசலூர்பட்டிப் படகுக் குழாம், தாவரவியல் தோட்டம். சீக்குப்பாறை, சேலூர் நாடு ஆகிய காட்சிமுனைகளில் நின்றால் மலைவிளிம்பு முடியும் இடமும், கீழே கட்டம் கட்டமாக விரியும் வயல்களும் ஏரிகளும் தெரியும். காலைப் பனி விலகியதும் வானம் தெளிந்த வேளை இதற்கு ஏற்றது. அருவிகளில் நீர் நிறைந்திருப்பது ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை. ஜனவரி, பிப்ரவரியில் குளிரும் தெளிந்த வானமும் கிடைக்கும். ஆடிப் பதினெட்டையொட்டித் திருவிழாக் கூட்டத்தை எதிர்பார்க்கலாம். அப்போது தங்குமிடத்தை முன்பதிவு செய்துகொள்வது அவசியம்.

காட்டில் கரடிகள் உண்டு என்பதால் பாதையை விட்டு விலகித் தனியே செல்லக் கூடாது. கோயில் காடுகளுக்குள் ஊராரின் ஒப்புதலோடு மட்டுமே நுழைய வேண்டும். ஓடைகளில் சோப்பும் ஷாம்பூவும் பயன்படுத்தினால் அந்த நீர் மலையூர்களின் குடிநீரிலும் சமவெளியின் ஆற்றிலும் போய்ச் சேரும். பிளாஸ்டிக் குப்பையைத் திரும்ப எடுத்துவருவது ஒவ்வொருவரின் கடமை. மிளகு, காப்பி, தேன், சிறுதானியம் ஆகியவற்றை மலைமக்களிடமே நேரடியாக வாங்கினால் அந்தப் பணம் மலையிலேயே தங்கும். நிலத்தை விற்காமல் உழுது வாழ அது அவர்களுக்குத் துணையாகும். கொல்லிமலையின் காடும் நீரும் நிலைப்பது, அவர்கள் அங்கே தொடர்ந்து வாழ்வதைப் பொறுத்தது.